நல்ல சேதியா, கெட்ட சேதியா?

(நீலகிரி மலையில் உள்ள கிளென்மார்கனில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் பள்ளி ஆசிரியர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று மதியம் இங்கே வரும் வழியில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கூடலூர் சாலையை விட்டுப் பிரிந்து கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். மேகம் அப்படியே தரையில் இறங்கிக் கிடந்தது. ஜீப்பின் விளக்கு பத்தடிக்கு மேல் போகவில்லை. தேயிலைச் செடிகளின் ஓரத்தில், சாலையை ஒட்டி, கறுப்பாக, முதுகு உயர்ந்து ஒன்று நின்றது. ஜீப் ஓட்டிவந்த தம்பி பிரேக்கை மிதித்தார். “காட்டுமாடு சார், சத்தம் போடாதீங்க” என்றார். நான் எங்கே சத்தம் போட? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தோம். ஒரு காற்று அடித்தது. காட்டுமாட்டின் ஒரு காது படபடவென்று அடித்துக்கொண்டது. அடுத்த காற்றுக்கு அதன் முதுகே எழும்பி அடங்கியது. கறுப்புத் தார்ப்பாய். அடியில் உர மூட்டைகள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் என் கைநடுக்கம் நிற்க இந்த வாசல்படி வரை ஆயிற்று.

நான் இன்று பேச வந்தது அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான். எதிரே ஒன்று நிற்கிறது. நல்லதா கெட்டதா தெரியவில்லை. தெரிகிற வரைக்கும் மூளை என்ன செய்கிறது? தெரிந்த பிறகு, ஏறிய படபடப்பை அது எப்படி இறக்குகிறது?

தார்ப்பாய் சுலபம். காற்று வந்து உண்மையைச் சொல்லிவிட்டது. மனிதர்கள் விஷயத்தில் அப்படிக் காற்று அடிப்பதில்லை. சாயங்காலம் கொழுந்து எடை போடும் இடத்தில் சூப்பர்வைசர் உங்களைப் பார்த்து, “நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வந்துட்டுப் போ” என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுகிறார். எதற்கு? கேட்ட அட்வான்ஸ் கிடைத்துவிட்டதா? யாராவது ஏதாவது சொல்லிக் கொடுத்துவிட்டார்களா? அன்று ராத்திரி அந்த வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்? அல்லது திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்புகிறீர்கள். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, பொங்கலுக்கு வருவாயா. அரைமணி கழித்துப் பதில் வருகிறது: “ம்”. அந்த ஓர் எழுத்துக்கு ஒரு தாய் எத்தனை உரை எழுதுவாள் என்று உங்களுக்குத் தெரியும். பரிமேலழகர் தோற்றுப்போவார்.

எனக்கு இந்தப் பாடத்தை முதலில் நடத்தியது ஒரு தந்தி. எங்கள் ஊர் சத்தியமங்கலம் பக்கம். 1979-இல் எனக்கு வேலைக்கான உத்தரவு தந்தியில் வந்தது. நான் வீட்டில் இல்லை. அம்மா திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். சைக்கிளில் வந்தவர் “தந்தி” என்று ஒரே வார்த்தை சொல்லிக் காகிதத்தை நீட்டினார். அம்மாவுக்கு அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரியாது. அது ஆங்கிலத்தில் இருந்தது. தொடக்கூட இல்லை. “அய்யோ, என்ற தம்பி போயிட்டானே!” என்று ஒரே ஓலம். மாமா அப்போது கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். நாலு வீட்டுப் பெண்கள் ஓடிவந்து கூடவே அழ ஆரம்பித்துவிட்டார்கள். தந்திக்காரர் பாவம், பிரித்துப் படித்து, “நல்ல சேதிங்க அம்மா, பையனுக்கு வேலைங்க” என்று மூன்று தடவை கத்திய பிறகுதான் அழுகை நின்றது. நின்றதும் அம்மா கேட்டது: “அதைத் தெருமுக்குலயே சொல்லிட்டு வரதுக்கென்னய்யா?” அதற்குப் பிறகு அந்த மனிதர் எங்கள் தெருவுக்கு எப்போது வந்தாலும் சைக்கிள் மணியோடு சேர்த்து “நல்ல சேதி, நல்ல சேதி” என்று முன்கூட்டியே குரல் கொடுத்துக்கொண்டுதான் திரும்புவார். அவர் ஒன்றும் சொல்லாமல் வந்தால் தெருவே எழுந்து நிற்கும்.

நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. தந்தியைப் பார்த்ததும் வயிற்றில் புளி கரைக்கிற பழக்கம் நிற்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு ஊரிலிருந்து வந்த தவறிய அழைப்பைப் பார்த்ததும் அது அப்படியே திரும்பி வருகிறது.

இனி ஆய்வுக்கூடத்துக்குப் போவோம். அமெரிக்காவில் பால் வேலன் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்: ஆச்சரியப்பட்ட முகம். கண் அகலமாக விரிந்து, புருவம் மேலேறி, வாய் லேசாகத் திறந்திருக்கும். இந்த முகத்தைத் தனியாக எடுத்துக் காட்டினால் லாட்டரி விழுந்தவர் முகமா, பர்ஸைத் தொலைத்தவர் முகமா என்று சொல்ல முடியாது. கோபமுகம் கோபம்தான், சிரித்த முகம் சிரிப்புதான். ஆச்சரிய முகத்துக்கு மட்டும் இரண்டு பக்கமும் கதவு உண்டு.

2003-இல் வெளிவந்த ஆய்வில், இந்த முகங்களைப் பார்க்கிறவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். முகத்தைக் கெட்டதாகப் படித்தவர்களுக்கு அமிக்டலா என்ற பகுதி அதிகமாக வேலை செய்தது. வாதுமைப் பருப்பு அளவில், காதுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் பகுதி அது. நல்லதாகப் படித்தவர்களுக்கு நெற்றிக்குப் பின்னால், நடுவில், கீழ்ப்பக்கமாக உள்ள முன்மூளைப் பகுதி அதிகமாக வேலை செய்தது. ஒன்று ஏறினால் மற்றது இறங்குகிறது, கிணற்று ஏற்றம் மாதிரி.

அடுத்த வருடம் இன்னொன்று செய்தார்கள். முகத்தைக் காட்டுவதற்கு முன் ஒரு வாக்கியம் கொடுத்தார்கள். “இவர் இப்போதுதான் 500 டாலர் கண்டெடுத்தார்” என்பது மாதிரி ஒன்று. “இவர் இப்போதுதான் 500 டாலர் தொலைத்தார்” என்பது மாதிரி ஒன்று. முகம் அதே முகம். கெட்ட வாக்கியத்துக்குப் பின் வந்தபோது அமிக்டலா துள்ளியது. நல்ல வாக்கியத்துக்குப் பின் வந்தபோது அந்தத் துள்ளல் குறைந்தது. எங்கள் ஊர்த் தந்திக்காரர் சைக்கிள் மணியோடு செய்ததை இவர்கள் ஸ்கேன் எந்திரத்தோடு செய்தார்கள். அவருக்குக் கட்டுரை வெளியிடத் தெரியவில்லை.

வேலனோடு ஆய்வு செய்த மைடல் நெட்டா இதே முகத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் பல வருடம் போனார். 2010-இல் இருவரும் வெளியிட்ட ஒன்றுதான் எனக்கு இந்த மலையை நினைவூட்டுகிறது. ஆச்சரிய முகத்தின் படத்தை இரண்டு விதமாக மாற்றினார்கள். ஒன்றில் நுணுக்கமான கோடுகள் மட்டும் தெரியும். இன்னொன்று கண்ணாடி கழற்றிப் பார்ப்பது போல மங்கல். மங்கலாக்கிய முகத்தை மக்கள் கூடுதலாகக் கெட்டதாகவே படித்தார்கள். மங்கலான வடிவம்தான் மூளைக்குள் முதலில் போய்ச் சேருகிறது. முதலில் போவது கெட்ட பக்கம் சாய்கிறது. உங்களுக்கு இது ஆய்வு முடிவே இல்லை. வருடத்தில் பாதி நாள் அந்தப் படத்துக்குள்ளேதான் வாழ்கிறீர்கள்.

அவர்கள் கண்ட இன்னொன்று: ஆச்சரிய முகத்தை நல்லதாகப் படிக்கிறவர்கள் பதில் சொல்லக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் முதலில் வருவது கெட்ட அர்த்தம்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அதைத் தாண்டி வரத்தான் அந்த நேரம். சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் கெட்டதாகப் படிக்கிறார்கள். வயது ஏற ஏற நல்லதாகப் படிப்பது கூடுகிறது. ஆகவே மருமகனிடமிருந்து புரியாத ஒரு செய்தி வந்தால், அதைப் பத்து வயதுப் பேத்தியிடம் காட்டி அர்த்தம் கேட்காதீர்கள். பாட்டியிடம் காட்டுங்கள்.

தமிழில் ஒரு பழமொழி இருக்கிறது: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அரண்டவனைக் கேலி செய்யும் பழமொழி. இந்த ஆய்வுகளைப் படித்த பிறகு எனக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை. அரளாதவன் கண்ணுக்கும் முதல் பார்வையில் பேய்தான். அவன் இரண்டாவது தடவையும் பார்க்கிறான். அரண்டவன் பார்ப்பதில்லை.

நம்முடைய பழைய இலக்கணக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அதில் ஆச்சரியத்துக்கு வைத்த பெயர் மருட்கை. மருள் என்றால் மயக்கம், தெளிவின்மை. கோவிலில் சாமி வந்து ஆடுகிறவரை மருளாடி என்கிறோம், அதே மருள். ஆச்சரியம் என்பது இன்னும் எந்தப் பக்கமும் சாயாத குழப்பம் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதே இயலில் அச்சம் எவற்றால் வரும் என்று தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார்: தெய்வம் பேய் முதலியவை, காட்டு விலங்கு, திருடர், கடைசியாக நம்மை ஆளுகிற தலைவர். காட்டுமாட்டையும் மேலாளரையும் ஒரே பட்டியலில் வைத்த மனிதர், தேயிலைத் தோட்டத்தில் ஒரு சீசனாவது வேலை பார்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூளைக்குள் இந்தச் செய்தி போகிற வழியை உங்களுக்குச் சொல்வது எளிது. இங்கிருந்து கீழே சிங்காராவுக்குப் போக இரண்டு வழி. ஒன்று மின்வாரியத்தின் வின்ச். நேரே செங்குத்தாக, 1932-இல் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்த பைக்காரா மின்நிலையத்தின் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடும். இன்னொன்று சாலை. ஊட்டிப் பக்கம் திரும்பி, தலைக்குந்தா போய், கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு சுற்றி, மசினகுடி போய், அங்கிருந்து வரவேண்டும். ஜோசப் லெடூ என்ற நரம்பியல் ஆய்வாளர் மூளையிலும் இப்படி இரண்டு பாதை இருப்பதாகச் சொன்னார். கண்ணிலும் காதிலும் வாங்கியது ஒரு நடுச்சந்திக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு கிளை குறுக்கே நேராக அமிக்டலாவுக்கு இறங்குகிறது. வேகம் உண்டு, விவரம் இல்லை: “கறுப்பு, பெரிசு, ஓடு.” இன்னொரு கிளை மூளையின் மேற்பரப்பு வழியாகச் சுற்றிப்போகிறது. அங்கே வடிவம் பார்த்து, ஞாபகத்தோடு ஒப்பிட்டு, “காது ஏன் இப்படி அடிக்குது, தார்ப்பாயா இருக்குமோ” என்று யோசித்து, பிறகு அமிக்டலாவுக்குத் தகவல் போகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். லெடூ இதைக் கண்டது எலிகளிடம், அதுவும் சத்தத்தை வைத்து. மனிதர் கண்ணுக்கும் அந்தக் குறுக்குவழி அதே அளவுக்கு முக்கியமா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். ஒரு வின்ச் இல்லை, பல பாதைகள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன என்கிறது எதிர்க்கட்சி. அமிக்டலாவைப் பயத்தின் மையம் என்று சொல்வதும் பழைய பேச்சாகிவிட்டது. முக்கியமான எதைப் பார்த்தாலும் அது எழுந்து நிற்கும். எதிரே இருப்பது என்னவென்று தெரியாதபோது இன்னும் விறைப்பாக நிற்கும். வாசலில் கிடக்கும் நாய் மாதிரி. வருகிறவர் யார் என்று அதற்கு முக்கியமில்லை, யாரோ வருகிறார்கள், அவ்வளவுதான்.

அந்த நாயைக் கட்டிப்போடச் சொல்லி நான் வரவில்லை. 2021 செப்டம்பர், அக்டோபர் மாதங்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டி23 என்று பெயர் வைத்த புலி. நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி. கூடலூரில் ஆரம்பித்து, மசினகுடி, நமக்கு நேர் கீழே சிங்காராக் காடு என்று வனத்துறையை அலையவிட்டது. கும்கி யானை, ட்ரோன், மோப்பநாய் என்று மூன்று வாரம் தேடினார்கள். அக்டோபர் 15 அன்று மசினகுடிப் பக்கம் உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். அந்த நாட்களில் புதர் அசைந்தால் புலி என்று நினைத்தவர்தான் புத்திசாலி. புதர் நூறு தடவை காற்றில் அசைந்திருக்கலாம். நூறு தடவை வீணாக ஓடியவருக்கு மூச்சு வாங்கியது, அவ்வளவுதான் நஷ்டம். நூற்றோராவது தடவை ஓடாதவருக்கு நஷ்டக் கணக்கு வேறு. மூளை முதலில் கெட்டதை நினைப்பது இந்தக் கணக்கில்தான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அதே கணக்கை அது மகன் அனுப்பிய “ம்” என்ற எழுத்துக்கும் போடுகிறது.

இப்போது ஒரு மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மலைக்கு வந்தவர் அவர். வில்லியம் ரிவர்ஸ். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த மருத்துவர், உளவியலாளர். 1901–02-இல் நீலகிரிக்கு வந்து சில மாதங்கள் தோடர் பழங்குடியினரோடு இருந்தார். 1906-இல் ‘தோடர்கள்’ என்ற பெரிய புத்தகத்தை வெளியிட்டார். மானுடவியல் படிக்கிறவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். அவர் பெட்டியில் நோட்டுப் புத்தகங்களோடு சோதனைக் கருவிகளும் இருந்தன. பார்வைக் கூர்மை, நிறம், வலி, கண்ணை ஏமாற்றும் படங்கள் என்று, மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சோதித்தார். ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளின் நுனியில் அம்புத்தலைகளை ஒன்றில் உள்நோக்கியும் ஒன்றில் வெளிநோக்கியும் போட்டால் ஒன்று நீளமாகத் தெரியுமே, பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள், அந்தப் படத்தையும் காட்டினார். அதில் தோடர்கள் ஆங்கிலேயர்களைவிடக் குறைவாக ஏமாந்தார்கள். நாகரிகம் அடையாதவர்கள் என்று அவர் காலத்துத் துரைமார்கள் எழுதிக்கொண்டிருந்த மக்கள். ரிவர்ஸும் அந்தக் காலத்துப் பார்வையிலிருந்து முழுக்கத் தப்பியவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கருவி காட்டியதை மறைக்காமல் எழுதினார்.

அந்தப் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே அவர் ஒரு சங்கடத்தைச் சொல்கிறார். அவருக்குச் சடங்குகளைப் பற்றிச் சொன்னவர்களில், காட்டியவர்களில் சிலருக்கு அடுத்தடுத்துத் துன்பம் வந்தது. ஒருவர் நோயில் விழுந்தார். ஒருவருடைய மனைவி இறந்துபோனார். ஒருவருடைய ஊரில், தோடர்கள் கோவிலாக மதிக்கும் பால்மனை எரிந்துபோனது. மருள் வந்து ஆடிக் குறி சொல்பவர்களிடம் கேட்டார்கள். வெளியாளிடம் ரகசியத்தைச் சொன்னதால் தெய்வத்துக்குக் கோபம் என்று குறி வந்தது. அதன் பிறகு அவரிடம் பேச வருகிறவர்கள் குறைந்தார்கள். இதைக் கேட்டு நாம் சிரிப்பதற்கு உரிமை இல்லை. வீட்டில் புது ஆள் காலடி வைத்த வாரத்தில் மாடு செத்தால் நாம் என்ன பேசுவோம்? துன்பத்துக்குக் காரணம் தெரியாமல் இருப்பதைவிட, கெட்ட காரணமாவது தெரிந்தால் தேவலை என்று நினைக்கிற மூளை எல்லா ஊரிலும் ஒரே மூளைதான்.

ஊருக்குத் திரும்பிய ரிவர்ஸ் ஒரு விசித்திரமான சோதனையில் இறங்கினார். 1903-இல் அவருடைய நண்பர் ஹென்றி ஹெட் என்ற நரம்பியல் மருத்துவர், தன் இடது முன்கையில் இரண்டு நரம்புகளைத் தானே முன்வந்து அறுக்க வைத்துக்கொண்டார். அறுத்துத் திரும்பத் தைத்தார்கள். உணர்ச்சி எப்படித் திரும்பி வருகிறது என்று ரிவர்ஸ் நான்கு வருடம் ஊசியும் பஞ்சும் வைத்துச் சோதித்தார். முதலில் வந்தது முரட்டு உணர்ச்சி. குத்தினால் எங்கே என்று சொல்லத் தெரியாது. கையே தெறிப்பது போல வலிக்கும். வெகுநாள் கழித்துத்தான் நுட்ப உணர்ச்சி வந்தது: எங்கே, எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது. அது வந்த பிறகு முரட்டு உணர்ச்சியின் வீரியம் அடங்கியது. பழையதை அழிக்காமல் அதற்கு மேலே உட்கார்ந்து புதியது அடக்கி வைக்கிறது என்று இருவரும் முடிவு கட்டினார்கள். நரம்பைப் பற்றிய அந்த முடிவைப் பிற்கால ஆய்வாளர்கள் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் முரட்டு முதல் உணர்ச்சி, அதன்மேல் நிதானமான இரண்டாவது உணர்ச்சி என்ற படம் ரிவர்ஸின் மனதில் தங்கிவிட்டது.

அது கைகொடுத்தது முதல் உலகப்போரில். எடின்பரோவுக்குப் பக்கத்தில் கிரெய்க்லாக்ஹார்ட் என்ற ராணுவ மருத்துவமனை. குண்டுவீச்சில் மனம் உடைந்த அதிகாரிகளுக்கு அங்கே அவர் சிகிச்சை கொடுத்தார். கவிஞர் சிக்ஃப்ரிட் சசூன் 1917-இல் அவரிடம் இருந்தவர். அந்தக் காலத்து அறிவுரை, “நடந்ததை மறந்துவிடு, அதைப் பற்றி நினைக்காதே” என்பது. வீட்டார் சொன்னார்கள், மருத்துவர்களும் சொன்னார்கள். ரிவர்ஸ் 1917 டிசம்பரில் ஒரு கூட்டத்தில் பேசினார். 1918-இல் லான்செட் இதழில் அந்தப் பேச்சு வந்தது. அதில் ஓர் இளம் அதிகாரியின் கதை வருகிறது.

அந்த அதிகாரி போர்க்களத்தில் நண்பனைத் தேடிப் போனவர். கிடைத்தது துண்டு துண்டான உடல். அன்றிலிருந்து ராத்திரி கண்ணை மூடினால் நண்பன் வருகிறான். சில சமயம் களத்தில் கண்டபடி. சில சமயம் தொழுநோய் தின்ற முகத்தோடு, நெருங்கி நெருங்கி வருகிறான். வியர்த்து விழித்துக்கொள்வார். பகல் முழுவதும் அதை நினைக்காமல் இருக்கப் பாடுபட்டார். ராத்திரி அது வட்டியோடு வந்தது. ரிவர்ஸ் அவரை மறக்கச் சொல்லவில்லை. அந்தக் காட்சியையே திரும்பப் பார்க்கச் சொன்னார். அந்த அளவுக்குச் சிதைந்த உடல் என்றால் மரணம் நொடியில் நேர்ந்திருக்கும், நண்பன் கிடந்து துடிக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி, இல்லையா என்று கேட்டார். அதிகாரியின் முகம் தெளிந்தது. சில இரவுகள் கனவே வரவில்லை. பிறகு ஒரு கனவு வந்தது. நண்பனின் உடல் அருகே போகிறார். வீட்டாருக்கு அனுப்ப அவனுடைய பொருட்களை எடுக்கிறார். அவனோடு பேசுகிறார். துக்கம் இருந்தது, பயம் இல்லை.

காட்சி ஒன்றுதான். படித்த விதம் மாறியது. இன்றைய உளவியலில் இதற்கு மறுமதிப்பீடு என்று பெயர். எண்பது வருடம் கழித்து, 1998-இல் ஜேம்ஸ் கிராஸ் என்பவர் இதை ஆய்வாகச் செய்தார். கையை அறுத்து அகற்றும் ஒரு மருத்துவப் படத்தை மூன்று குழுவுக்குக் காட்டினார். ஒரு குழு சும்மா பார்த்தது. ஒரு குழுவிடம், உணர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள் என்றார். ஒரு குழுவிடம், மருத்துவர் மாதிரி விலகி நின்று பாருங்கள் என்றார். முகத்தை அடக்கியவர்களுக்கு உள்ளே அருவருப்பு குறையவே இல்லை, உடம்பின் படபடப்போ கூடியது. வேறு விதமாகப் பார்த்தவர்களுக்கு உணர்ச்சியே குறைந்தது. 2002-இல் கெவின் ஆக்ஸ்னரும் கிராஸும் சேர்ந்து ஸ்கேனில் பார்த்தபோது, மறுமதிப்பீடு செய்யும் நேரத்தில் முன்மூளையின் வெளிப்பக்கம் வேலை செய்ய, அமிக்டலா அடங்கியது.

நம் வீடுகளில் பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பது அடக்குவதைத்தான். ஆம்பளை அழக்கூடாது, பொம்பளை வாயைத் திறக்கக்கூடாது. வாயையும் முகத்தையும் மூடலாம். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. பிறகு அதை அணைக்கச் சிலர் டாஸ்மாக்குக்குப் போகிறார்கள். அதைப் பற்றி இந்தக் கூட்டத்தில் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மறுமதிப்பீடு என்பது எல்லாவற்றுக்கும் நல்ல அர்த்தம் ஒட்டுவது ஆகாது. ரிவர்ஸ் அந்த அதிகாரியிடம் பொய் சொல்லவில்லை. கண்ணெதிரே இருந்தும் காணாமல் விட்ட ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். அப்படி உண்மை எதுவும் கிடைக்காத நோயாளிகளிடம் இந்த முறை பலிக்கவில்லை என்றும் அதே பேச்சில் ஒப்புக்கொள்கிறார். அவர் தேற்றியவர்களில் சசூன் உட்படப் பலர் திரும்பப் போர்முனைக்குத்தான் போனார்கள் என்பது இன்னொரு கசப்பு. மனசைச் சரிசெய்து அனுப்பலாம், போரைச் சரிசெய்ய அவரால் முடியவில்லை. உங்கள் கூலியில் பிடித்தம் செய்துவிட்டு, நல்லவிதமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது மனோதத்துவம் பேசினால் அங்கே தேவை மறுமதிப்பீடு இல்லை, தொழிற்சங்கம்.

நேரம் ஆகிறது, ஒன்றிரண்டு சொல்லி முடிக்கிறேன். இரண்டாவது பார்வைக்குத் தூக்கம் வேண்டும். 2007-இல் மேத்யூ வாக்கர் குழுவினர், ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களுக்கு மோசமான படங்களைக் காட்டினார்கள். தூங்கியவர்களைவிட அவர்களுடைய அமிக்டலா 60 விழுக்காடு அதிகமாகத் துள்ளியது. முன்மூளையோடு அதற்கு இருக்கும் பிடிப்பும் தளர்ந்திருந்தது. சீசனில் ஃபேக்டரி ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவரிடம் காலை ஏழு மணிக்குக் குடும்பப் பஞ்சாயத்தை ஆரம்பிக்காதீர்கள். அவர் காதில் எல்லாமே சண்டையாகத்தான் விழும். தூங்கி எழட்டும்.

சிலருக்கு எத்தனை தடவை பார்த்தாலும் தார்ப்பாய் காட்டுமாடாகவே நிற்கும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, எல்லோரும் தனக்கு எதிராகவே பேசுவதாகத் தோன்றுகிறது. அது அவர்களுடைய குணக்கேடு ஆகாது. 14416 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள். மத்திய அரசின் மனநலச் சேவை அது. கோவில் மருளாடியிடம் போகிறவர்கள் போங்கள், நான் தடுக்கவில்லை. இந்த எண்ணையும் சுவரில் எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இங்கே சூப்பர்வைசர்கள் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். நாளைக்கு ஆபீசுக்கு வா, அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வா என்று சொல்லி அனுப்பும்போது, எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள். வெளியூரில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் ராத்திரி நேரத்தில் கூப்பிட்டால், அவர்கள் எடுத்தவுடன் முதல் வார்த்தையாக, “இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்” என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.